சிடி3, சிடி7, டிடிடி: குழந்தைகளின் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்த வரலாறு

“சைட்டோபிளாச சிடி3 பாசிட்டிவ், சிடி7 பாசிட்டிவ், சிடி5 பாசிட்டிவ், சிடி1ஏ பாசிட்டிவ், டிடிடி பாசிட்டிவ், சிடி19 நெகட்டிவ்.” குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவுகளில் அன்றாடம் கைமாறும் ஆய்வறிக்கைகளில் இப்படி ஒரு வரியைக் காணலாம். பெற்றோர் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காது. மருத்துவருக்கோ அந்த ஒரு வரி போதும்: இது டி-செல் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா, தைமஸ் சுரப்பியில் வளர்ந்துகொண்டிருந்த ஓர் உயிரணு பாதி வழியில் நின்று, நின்ற இடத்திலேயே பெருகத் தொடங்கியிருக்கிறது, இன்ன மருந்துகளை இத்தனை மாதங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மொழியியல் படித்துவிட்டு அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றுப் பக்கம் வந்து சேர்ந்த எனக்கு, அந்த வரி ஒரு சொற்றொடராகவே தெரிகிறது. அதிலுள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஊர் உண்டு, ஓர் ஆண்டு உண்டு, பெரும்பாலும் ஒரு சண்டையும் உண்டு. எழுத்தும் எண்ணுமாகத் தோன்றும் இந்தப் பெயர்கள் அமைவதற்கு முன், இதே நோயுடன் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துபோயினர். பதிவு நீளமானது, பொறுமையுள்ளோர் தொடர்க.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், வியன்னாவைச் சேர்ந்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க் ஒரு வகை நோயாளிகளைத் தனித்துக் குறிப்பிட்டார். நெஞ்சின் நடுவில், இதயத்துக்கு மேலே, பெரியதொரு கட்டி; சில வாரங்களில் ரத்தத்திலும் அதே உயிரணுக்கள் நிறைந்துவிடும். கட்டியா, ரத்த நோயா என்று சொல்ல முடியாத இந்நிலைக்கு அவர் இரண்டையும் இணைத்து ‘லுகோசர்கோமா’ என்று பெயர் சூட்டினார். பின்வந்தோர் ‘ஸ்டெர்ன்பெர்க் சர்கோமா’ என்றனர். ஹாட்ஜ்கின் நோயில் காணப்படும் பெரிய உயிரணுவின் பெயரில் இடம்பெற்றிருப்பவரும் இவரே. நோயாளிகளில் பலர் சிறுவர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். மூச்சுத் திணறல், முகவீக்கம், கழுத்து நரம்புகள் புடைத்தல் ஆகியவற்றோடு வருவார்கள். கட்டி தைமஸ் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் தைமஸ் எதற்கு என்பதே அப்போது தெரியாது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிப் போகும் ஓர் உறுப்பு, அவ்வளவுதான்.

அந்த உறுப்பின் பயனைக் கண்டறிந்த கதை வியப்புக்குரியது, ஏனெனில் அதைத் தேடி யாரும் போகவில்லை. 1950களின் இறுதியில் லண்டனின் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர் ஜாக் மில்லர், எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயைத் தரும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்நோய் எலியின் தைமஸில் தொடங்கியது. தைமஸை அகற்றிவிட்டால் நோய் வருவதில்லை. பிறந்த உடனேயே அகற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க முற்பட்டபோது, வைரஸே செலுத்தப்படாத எலிகளும் மெலிந்து, தொற்றுகளுக்கு ஆளாகி மடிந்தன. வேறோர் எலியின் தோலை ஒட்டினால் அவற்றின் உடல் அதை மறுக்கவுமில்லை. 1961இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியாயிற்று. பலர் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவரேகூட, தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பதைப் பரிணாமத்தில் நேர்ந்த தற்செயலாகவே கருதினார். நம் நோய் எதிர்ப்பின் பாதி அந்த உறுப்பில் உருவாகிறது என்ற உண்மை, ஒரு புற்றுநோயைத் துரத்திச் சென்ற வழியில் அகப்பட்டது.

மற்றப் பாதி ஒரு கோழியிடமிருந்து கிடைத்தது. கோழியின் கழிவறைப் பையின் அருகில் ‘ஃபாப்ரிசியஸ் பை’ என்றோர் உறுப்பு உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் படுவா நகர உடற்கூறியலர் ஃபாப்ரிசியஸின் பெயரால் அமைந்தது. அமெரிக்காவின் ஓஹயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில கோழிகளிலிருந்து இப்பையை அகற்றிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உடன்படித்த டிமத்தி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்துகாட்ட அதே கோழிகளைக் கடன் வாங்கினார். அவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவேயில்லை. புகழ்பெற்ற ‘சயன்ஸ்’ இதழ் கட்டுரையைத் திருப்பியனுப்ப, அது 1956இல் ‘பௌல்ட்ரி சயன்ஸ்’ என்னும் கோழி வளர்ப்பு இதழில் வெளியாகிப் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1965இல் மினசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் இரண்டு கதைகளையும் இணைத்தனர்: தைமஸ் வழி வரும் லிம்போசைட்டுகள் வேறு, பை வழி வருபவை வேறு. 1969இல் லண்டனில் ஐவன் ராய்ட்டும் உடன் பணியாற்றியோரும் இவற்றுக்கு டி-செல், பி-செல் என்று ஒற்றை எழுத்துப் பெயர்களை முன்மொழிந்தனர்.

இங்கே ஒரு சிறு விலகல். ‘டி’ தைமஸைக் குறிக்கிறது. ‘பி’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் மருத்துவ மாணவர் பலரும் எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரைச் சொல்வர். அப்பெயரின் முதலெழுத்தும் அதுவாக அமைந்தது தற்செயல். மனிதருக்கு ஃபாப்ரிசியஸ் பை இல்லை. நம் பி-செல்கள் மஜ்ஜையில்தான் உருவாகின்றன. ஆகவே கோழியிலிருந்து வந்த எழுத்து, மனிதரிடம் வந்ததும் சத்தமின்றித் தன் பொருட்காரணத்தை மாற்றிக்கொண்டது. மக்கள் வழக்கில் ஒரு சொல்லுக்குப் புதிய வேர் கற்பிக்கப்படுவதை மொழியியலில் பார்த்திருக்கிறோம். ஆய்வகத்திலும் அதுவே நிகழ்கிறது.

இரண்டு வகை என்று தெரிந்தும், நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின: உருண்டையான கரு, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு. பிரித்துக் காட்டிய முதல் கருவி செம்மறியாட்டின் ரத்தம். ஆட்டின் சிவப்பணுக்களை மனித லிம்போசைட்டுகளோடு கலந்து குளிரில் வைத்தால், டி-செல்களை மட்டும் அவை சூழ்ந்து ஒட்டிக்கொள்ளும். பூவிதழ்போலத் தோன்றும் அந்த உருவத்துக்கு ‘ரோசெட்’ என்று பெயர். 1970ஐ ஒட்டிப் பல ஆய்வகங்கள் இதைக் கண்டன. ஆட்டு ரத்தம் ஏன் ஒட்ட வேண்டும் என்பது எவருக்கும் புரியவில்லை. புரியாமலேயே பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தினர். கருவி முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது.

இந்தக் கருவியோடு 1973இல் ஸ்டெர்ன்பெர்க்கின் பழைய கட்டியிடம் திரும்பினர். அவ்வாண்டு ‘லான்செட்’டில் வெளியான ஸ்மித் குழுவின் கட்டுரை, ஸ்டெர்ன்பெர்க் சர்கோமா தைமஸிலிருந்தே தோன்றுகிறது என்று காட்டியது. அதே ஆண்டில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் பொரெல்லாவும் சென்னும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஒரு பகுதி டி-செல் வகையைச் சேர்ந்தது என்று கண்டனர். அக்குழந்தைகள் மற்றவர்களைவிடச் சற்று மூத்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள், நெஞ்சில் கட்டி உடையவர்கள், வெள்ளையணு எண்ணிக்கை மிக உயர்ந்தது, மருந்துக்கு மீள்வது கடினம். 1974இல் கப்ளனும் உடன் ஆய்வாளர்களும், குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா தைமஸ் வழி லிம்போசைட்டின் புற்றுநோய் என்று கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தனர். 1976இல் நாத்வானி, கிம், ராப்பபோர்ட் மூவரும் ‘லிம்போபிளாஸ்டிக்’ என்ற பெயரை நோயியல் வகைப்பாட்டில் நிலைநிறுத்தினர். மூன்றே ஆண்டுகளில், எழுபது ஆண்டுக் குழப்பம் ஒரு வடிவத்துக்கு வந்தது.

டிடிடி என்ற சொல்லும் இதே காலத்தில் நுழைகிறது. இது ஒரு நொதி. டிஎன்ஏ இழையின் நுனியில், பார்த்தெழுத மூலப்படி ஏதுமின்றி, தன்போக்கில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும் விசித்திர இயல்புடையது. கன்றுக்குட்டியின் தைமஸில் முதலில் கிடைத்தது. வளரும் லிம்போசைட்டு தன் ஏற்பி மரபணுக்களைக் கோடி வகையாக வேறுபடுத்திக்கொள்ள இந்த ‘பிழை’ எழுத்துகளே உதவுகின்றன என்பது பின்னர்த் தெளிந்தது. 1973இல் டேவிட் பால்டிமோர் உள்ளிட்ட குழு, ரத்தப் புற்றுநோயுற்ற ஒரு குழந்தையின் உயிரணுக்களில் இதைக் கண்டது. முதிர்ந்த லிம்போசைட்டில் இது இராது. எனவே டிடிடி இருக்கிறது என்றால் உயிரணு இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது என்று பொருள். இன்றும் அறிக்கையில் அதற்கு அதே வேலைதான்.

பெயர் தெரிந்ததால் என்ன பயன் என்று கேட்போருக்கு 1983ஆம் ஆண்டின் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். ஹாட்ஜ்கின் வகை அல்லாத லிம்போமா கொண்ட அமெரிக்கக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நான்கு மருந்துகள் கொண்ட சிகிச்சையும், மறுசாராருக்குப் பத்து மருந்துகள் கொண்ட சிகிச்சையும் தந்தனர். பத்து மருந்துத் திட்டம் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் வோல்னர் குழு உருவாக்கியது. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்திருந்தால் பெரிய வேறுபாடு தென்பட்டிராது. வகைபிரித்துப் பார்த்தபோது காட்சி தலைகீழாயிற்று. உடலில் பரவிய லிம்போபிளாஸ்டிக் வகையில், நோய் திரும்பாமல் இரண்டாண்டைக் கடந்தோர் பத்து மருந்துத் திட்டத்தில் 76 விழுக்காடு. நான்கு மருந்துத் திட்டத்தில் 26. லிம்போபிளாஸ்டிக் அல்லாத வகைகளிலோ நான்கு மருந்தே மேல்: 57 விழுக்காட்டுக்கு 28. நுண்ணோக்கியின் கீழ் ஏறக்குறைய ஒத்துத் தோன்றும் கட்டிகள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குப் போதாது. எந்தப் பெயர் என்பது, அந்தக் குழந்தை இருக்குமா என்பதாக மாறிவிட்டிருந்தது.

ஆனால் ஆட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது. அது டி-செல்லா இல்லையா என்று மட்டும் சொல்லும். எந்தப் பருவத்து டி-செல் என்று சொல்லாது. வழியைத் திறந்தது 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட முறை. எதிர்ப்பொருள் சுரக்கும் ஓர் உயிரணுவை, சாகாமல் பெருகும் ஒரு புற்றுநோய் உயிரணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிச் சுரக்கச் செய்தனர். மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பது இதுவே. 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டன் இதற்குக் காப்புரிமை பெறவில்லை என்பது இன்றும் பேசப்படும் ஒன்று. பெற்றிருந்தால் அடுத்த பத்தாண்டின் சொல்வளர்ச்சி இவ்வளவு வேகமாக நடந்திராது என்றே நான் எண்ணுகிறேன்.

எதிர்ப்பொருள் ஒட்டிய உயிரணுக்களை எண்ணுவதற்கான கருவியும் அப்போது ஆயத்தமாக இருந்தது. மை தெளித்து எழுதும் அச்சுப் பொறிக்காக ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கிய நுட்பத்தைக் கொண்டு, லாஸ் அலமாஸில் மேக் ஃபுல்வைலர் 1965இல் உயிரணுக்களைத் துளித்துளியாகப் பிரிக்கும் பொறியை அமைத்தார். லெனர்ட் ஹெர்சன்பெர்க் அதில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தார். இன்று மாவட்டத் தலைநகர்களின் ஆய்வகங்களும் தம் பெயர்ப்பலகையில் எழுதிவைக்கும் ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ அங்கிருந்து வருகிறது.

பிறகு பெயர்களின் வெள்ளம். நியூ ஜெர்சியின் ஆர்த்தோ மருந்து நிறுவனத்தில் பேட்ரிக் குங் குழுவினர் 1979இல் வெளியிட்டவை ஓகேடி1, ஓகேடி3, ஓகேடி4: நிறுவனத்தின் முதலெழுத்து, குங்கின் முதலெழுத்து, டி-செல்லின் எழுத்து. பாஸ்டனில் ஷ்லாஸ்மன், ரைன்ஹெர்ஸ் குழுவினர் டி1, டி3, டி4, டி11 என்றனர். கலிஃபோர்னியாவில் லியூ-1, லியூ-2 என்றனர். ஒரே மூலக்கூறு பாஸ்டனில் டி1, ஸ்டான்ஃபோர்டில் லியூ-1. லியூ-2 என்பது பாஸ்டனின் டி8. லியூ-3 என்பது டி4. லியூ-4 என்பது டி3. எண்ணைப் பார்த்துப் பொருத்த நினைத்தவர் கதி அதோகதி. ஓர் ஊர் மருத்துவர் எழுதிய அறிக்கையை அடுத்த ஊர் மருத்துவர் படிக்க அகராதி வேண்டும். அந்த அகராதியை எழுத எவருக்கும் அதிகாரமில்லை.

பாரிஸைச் சேர்ந்த அலென் பெர்னார், லொரான்ஸ் பூம்செல் இருவரும் இந்த இடத்தில் முக்கியமானவர்கள். 1981இல் ‘பிளட்’ இதழில், ரைன்ஹெர்ஸ் முதலானோரோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரைதான், லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவின் டி-செல்களை மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களால் வரிசையாகச் சோதித்துப் பட்டியலிட்ட முன்னோடி முயற்சி. முந்தைய ஆண்டில் பாஸ்டன் குழு தைமஸுக்குள் டி-செல் கடந்துவரும் மூன்று பருவங்களை வரையறுத்திருந்தது. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, ரத்தப் புற்றுநோயாக வந்தவை பெரும்பாலும் தொடக்கப் பருவத்தில் நின்றிருந்தன. லிம்போமாவாக, அதாவது கட்டியாக வந்தவை சற்று முதிர்ந்த பருவங்களில் நின்றிருந்தன. ஸ்டெர்ன்பெர்க்கின் பழைய கேள்விக்கு, கட்டியா ரத்த நோயா என்பதற்கு, இது முதன்முறையாக ஒரு விடைபோலத் தோன்றியது.

மறு ஆண்டே, 1982இல், அதே இருவரும் பாரிஸில் ஒரு பட்டறையைக் கூட்டினர். உலகின் ஆய்வகங்கள் தத்தம் எதிர்ப்பொருள்களை அனுப்பின. பெயர் மறைத்துப் பகிரப்பட்ட அவை ஒவ்வொன்றும் எந்தெந்த உயிரணுக்களில் ஒட்டுகின்றன என்று பல இடங்களிலும் சோதிக்கப்பட்டன. ஒரே மாதிரி ஒட்டியவை புள்ளியியல் முறையில் கொத்துகளாகத் திரண்டன. ஒவ்வொரு கொத்துக்கும் ஓர் எண். ‘வேறுபடுதலின் கொத்து’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே சிடி. பாஸ்டனின் எண்கள் சில அப்படியே நிலைத்தன: டி3, டி4, டி8 ஆகியவை சிடி3, சிடி4, சிடி8 ஆயின. டி1 சிடி5 ஆயிற்று. டி6 சிடி1 ஆயிற்று. ஆட்டு ரத்தம் ஒட்டிய அந்த மர்ம ஏற்பி, டி11, சிடி2 என்று அடையாளம் பெற்றது.

கவனிக்க வேண்டியது: சிடி என்பது முதலில் உயிரணுவின் மேலுள்ள மூலக்கூறின் பெயரன்று; அதைத் தேடிச்சென்று ஒட்டும் எதிர்ப்பொருள்களின் கூட்டத்துக்கு இட்ட பெயர். காட்டப்படும் பொருளுக்கன்றி, காட்டும் விரல்களுக்குப் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பெயர் விரலிலிருந்து நழுவிப் பொருள்மேல் ஏறிக்கொண்டது. ஆகுபெயர் என்று நம் இலக்கணம் சொல்வது இதைத்தான். இன்று எண்கள் 370ஐத் தாண்டிவிட்டன. அந்த எண்களில் எந்த ஒழுங்கும் இல்லை, எந்தப் பொருளும் இல்லை. பொருளற்று இருந்ததே அவற்றின் வலிமை. குங்கின் பெயரையோ பாஸ்டனின் பெருமையையோ சுமக்காத எண்ணை எல்லா ஊரும் ஏற்றுக்கொண்டது.

பெயர்கள் ஒழுங்குற்றதும் தெளிவு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டு தொல்லைகள் எழுந்தன.

முதலாவது சிடி3. இதுவே டி-செல்லின் மிக உறுதியான அடையாளம். ஆனால் பல குழந்தைகளின் கட்டியில் உயிரணுவின் மேற்பரப்பில் அது இல்லை. டி-செல் அல்ல என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். 1987இல் டாரியோ காம்பானாவும் லண்டன் நண்பர்களும், நெதர்லாந்தில் வான் டாங்கன் குழுவினரும் விடை கண்டனர்: இளம் டி-செல்லில் சிடி3 உள்ளே, சைட்டோபிளாசத்தில், உருவாகிக் காத்திருக்கிறது, மேற்பரப்புக்கு வருவது பிறகு. உயிரணுவின் சுவரைத் துளைத்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். மேலே காட்டிய அறிக்கை வரி “சைட்டோபிளாச” என்ற அடைமொழியோடு தொடங்குவது அதனால்தான்.

இரண்டாவது தொல்லை, குறிகளின் நடத்தை. டி-செல் என்று பிற குறிகள் சொல்லும் உயிரணுவில், மைலாய்டு வகைக்குரிய குறி ஒன்று தலைகாட்டும். டி-செல்லின் சிடி7 சில மைலாய்டு புற்றுநோய்களிலும் இருக்கும். 1983இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதை ‘மரபுவழித் துரோகம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்தனர். 1986இல் மெல் கிரீவ்ஸ் லண்டனிலிருந்து மறுத்தார்; அவர் பயன்படுத்திய சொல் வரைமுறையற்ற பழக்கத்தைக் குறிப்பது. (‘குலம்’ என்ற தமிழ்ச்சொல் இங்கே எளிதாகப் பொருந்தும், வேண்டுமென்றே தவிர்க்கிறேன்.) இரண்டுமே தாம்பத்திய ஒழுக்கத்திலிருந்து கடன் வாங்கிய சொற்கள், ஆனால் கருத்து வேறு. துரோகம் என்றால், புற்றுநோய் உயிரணு நெறி தவறிவிட்டது. அதன் குறிகளை நம்ப முடியாது. கிரீவ்ஸின் கூற்றோ, இயல்பான இளம் உயிரணுவே இன்னும் எந்தப் பக்கமும் முடிவாகச் சேராமல் இரண்டு பக்கக் குறிகளையும் சில காலம் அணிந்திருக்கும். புற்றுநோய் அந்தக் கணத்தை உறையவைத்துக் காட்டுகிறது. எனக்குக் கிரீவ்ஸின் பக்கமே சரியாகப் படுகிறது.

அதன் பின்விளைவு 2009இல் வந்தது. செயின்ட் ஜூட் மருத்துவமனைக்குச் சென்றிருந்த அதே காம்பானாவின் குழு, தைமஸுக்குள் அப்போதுதான் நுழைந்த உயிரணுவை ஒத்த ஒரு வகையைப் பிரித்துக் காட்டியது: சிடி1ஏ இல்லை, சிடி8 இல்லை, சிடி5 மங்கல், கூடவே மைலாய்டு அல்லது தண்டணுக் குறிகள். அக்குழந்தைகளின் முடிவு மிக மோசமாக இருந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் அஞ்சினர். பின்னர் அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுமத்தின் பெரிய ஆய்வில், செம்மையான தற்காலச் சிகிச்சையோடு இவ்வகைக் குழந்தைகளும் மற்றவர்க்கு நிகராகவே தேறினர். குறிவரிசையைத் தீர்ப்பாகப் படிக்கக் கூடாது. அது உயிரணு நின்ற இடத்தைச் சொல்கிறது. குழந்தை போய்ச் சேரும் இடம் மருந்தையும் பொறுத்தது.

பெர்னார், பூம்செல் கண்ட கட்டி-ரத்தம் வேறுபாடும் காலப்போக்கில் கரைந்தது. பருவங்கள் இரண்டிலும் கலந்தே கிடைத்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு இரண்டையும் ஒரே நோயின் இரு முகங்களாக இணைத்தது. மஜ்ஜையில் புற்று உயிரணுக்கள் 25 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் லிம்போமா, மேலே என்றால் ரத்தப் புற்றுநோய் என்று நடைமுறைக்காக ஒரு கோடு. அதற்கு முன்பே ஜெர்மானியக் குழுவினர், லிம்போமாவாக வந்த குழந்தைகளையும் ரத்தப் புற்றுநோயின் நீண்ட சிகிச்சைத் திட்டத்திலேயே வைத்திருந்தனர். டி-செல் வகைக் குழந்தைகள் 105 பேரிடம் அவர்கள் பெற்ற முடிவு 2000இல் வெளியாயிற்று: ஐந்தாண்டில் நோய் திரும்பாதோர் 90 விழுக்காடு.

இந்தியாவுக்கு வருவோம். 1980களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ரத்தோடு இணைந்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் எம்சிபி 841 என்ற பொதுச் சிகிச்சைத் திட்டத்தை மேற்கொண்டன. மும்மையங்களிலும் பிழைத்தோர் விகிதம் வெகுவாக உயர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு நிறுவனத்தில், மருத்துவர் வி. சாந்தாவின் குழு குறிப்பான் சோதனைகளையும் நடத்தி 1994இல் சென்னைக் குழந்தைகளின் முடிவுகளை ‘லியூக்கீமியா ரிசர்ச்’ இதழில் வெளியிட்டது. மேலைநாடுகளில் குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் டி-செல் வகை ஏறத்தாழ ஏழில் ஒன்று. சென்னையில் அதன் பங்கு தெளிவாக அதிகம். பிற இந்திய மையங்களிலும் இதே போக்கைக் கண்டனர். வளம் மிகுந்த நாடுகளில் பி-செல் வகை பெருகியிருப்பதே இதற்குக் காரணம் என்பது கிரீவ்ஸ் வழிவந்த ஒரு விளக்கம். எதுவாயினும், இந்த நோய் நம் மருத்துவமனைகளுக்கு அரிதான விருந்தாளி அல்ல.

இங்கே குறிப்பான்களின் பயன் வேறு விதத்தில் கூர்மையானது. நெஞ்சில் கட்டியும் காய்ச்சலும் எடைக்குறைவும் கொண்ட குழந்தையைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுப்பது இந்த நாட்டில் நடக்கிறது. மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளில் கட்டி வற்றிக் குழந்தை விளையாடத் தொடங்கும், வீட்டார் மகிழ்வர். ஆனால் அதன்பின் எடுக்கும் திசுவில் படிக்க ஒன்றும் இராது. நோயோ சில வாரத்தில் திரும்பும். கட்டி மூச்சுக்குழாயை அழுத்தும் நிலையில் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வதும் ஆபத்து. ஆகவே நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில் சிறிதை ஊசியால் எடுத்து, மேலே சொன்ன ஏழெட்டு எதிர்ப்பொருள்களோடு ஃப்ளோ சைட்டோமெட்ரிப் பொறியில் செலுத்தினால் ஒரே நாளில் விடை கிடைத்துவிடக்கூடும். கத்தி தேவைப்படாது.

பொறி இல்லாத ஊர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. தொடக்ககால எதிர்ப்பொருள்கள் புதிதாக எடுத்த அல்லது உறையவைத்த திசுவில் மட்டுமே வேலை செய்தன. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த திசுவில் குறிகள் மூடிக்கொண்டுவிடும். 1991இல் ஷான்-ரோங் ஷி குழுவினர் அத்தகைய திசுவை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி மூடிய குறிகளைத் திறந்தனர். 1994இல் லண்டன் நோயியலர்கள் அதற்குச் சமையலறை பிரஷர் குக்கரே போதும் என்று காட்டினர். இந்தியாவின் நோயியல் கூடங்கள் பலவற்றில் இன்றும் அந்தக் குக்கர் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் எடுத்த திசு, மெழுகுக் கட்டியாகப் பேருந்தில் பயணம் செய்து நகரத்தில் பெயர் பெறுவது அதனால் இயல்கிறது.

குறிகள் வெறும் அடையாளமாக நின்றுவிடவில்லை. ஓகேடி3 எதிர்ப்பொருள் 1986இல் அமெரிக்காவில் மருந்தாக, சிறுநீரக மாற்றத்துக்காக, ஒப்புதல் பெற்ற முதல் மோனோகுளோனல் ஆயிற்று. ஓகேடி10 காட்டிய மூலக்கூறு இன்று சிடி38; அதைக் குறிவைக்கும் டாராட்டுமுமாப், மீண்டும் நோய் வந்த டி-செல் குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது.

சிடி7இன் கதை இன்னும் விசித்திரம். நோயாளியின் புற்றுநோயை வேட்டையாட டி-செல்களையே ஆயுதமாக்கும் கார்-டி சிகிச்சை, பி-செல் நோய்களில் முன்பே வென்றிருந்தது. டி-செல் நோய்க்கு அதைப் பயன்படுத்துவதில் ஒரு தடை: வேட்டைக்காரன் மேலும் சிடி7 இருக்கிறது, இரையின் மேலும் சிடி7 இருக்கிறது. ஏவிவிட்டால் ஆயுதங்கள் ஒன்றையொன்று கொன்றுகொள்ளும். 2022இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், வேறு வழியெல்லாம் தீர்ந்துபோன 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, கொடையாளர் ஒருவரின் டி-செல்களை எடுத்து, அவற்றின் மரபணுவில் ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றி, அவை தம் மேலுள்ள சிடி7ஐத் தாமே இழக்கும்படி செய்தனர். தன் அடையாளத்தை அழித்துக்கொண்ட அந்த டி-செல்கள் சிடி7 அணிந்த மற்ற எல்லாவற்றையும் தேடிச் சென்றன. ஒரு மாதத்துக்குள் நோய் தணிந்தது. அதன்பின் அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது.